கப்பலுக்குள்ள எந்த இடத்துக்கு என்ன பேரு? முதல் தடவை ஏறுறவங்களுக்கு

முதல் நாள் கப்பல்ல ஏறி பெட்டியைக்கூட கீழ வச்சிருக்க மாட்டீங்க, அதுக்குள்ள ஒருத்தர் வந்து "போர்ட் சைடு அலீவே வழியா ஆஃப்ட்ல போ, ரெண்டு லேடர் கீழ இறங்கு, ஸ்டீயரிங் ஃப்ளாட் கதவு மூடியிருக்கான்னு பாத்துட்டு வந்து சொல்லு"ன்னு சொல்லிட்டு நிக்காம போயிடுவாரு. அந்த ஒரு பேச்சுல அஞ்சு பேரு இருக்கு, அதுல ஒண்ணு தெரியலைன்னாலும் வேற எங்கேயாவது போய் நிப்பீங்க. பகல்ல, வேலை நிதானமா நடக்கும்போது பரவாயில்ல, யாரையாவது கேட்டுக்கலாம். ராத்திரி கரண்ட் போயி அலீவே, அதாவது நடைபாதை, முழுக்க புகை நிக்கும்போது கேக்க ஆள் இருக்காது. கப்பல்ல இடத்தோட பேருங்கறது விலாசம் மாதிரி, நீங்க எங்க இருக்கீங்கன்னு சரியா சொன்னாத்தான் உங்களைத் தேடி வரமுடியும்.

புத்தகத்தை வச்சுக்கிட்டு பேரை மனப்பாடம் பண்ணாதீங்க, ரெண்டு நாள்ல மறந்துடும். நடந்து பாத்து கத்துக்கோங்க. புதுசா வர்ற பசங்களை நான் எந்த வரிசையில கூட்டிட்டுப் போவேனோ அதையேதான் இங்க எழுதுறேன்.

முதல்ல திசை

கப்பலோட மூக்கைப் பாத்து நில்லுங்க. முகத்துக்கு நேரா இருக்கறது ஃபார்வர்ட், முதுகுப் பக்கம் ஆஃப்ட், நடுப்பகுதி மிட்ஷிப். முன் நுனிக்கு பௌ, பின் நுனிக்கு ஸ்டெர்ன். இப்ப உங்க வலது கைப் பக்கம் ஸ்டார்போர்ட், இடது கைப் பக்கம் போர்ட். இதுக்கப்புறம் நீங்க திரும்பி நின்னாலும் சரி, படுக்கையில தலைகீழா படுத்திருந்தாலும் சரி, அது மாறவே மாறாது, ஏன்னா அது கப்பலோட வலது இடது, உங்களோடது கிடையாது.

அந்தக் காலத்துல வட ஐரோப்பாப் படகுகள்ல சுக்கான் துடுப்பை வலது பக்கம் கட்டியிருப்பாங்க, அப்படி ஸ்டீயர் பண்ற பக்கம்தான் ஸ்டார்போர்ட் ஆச்சு. இடது பக்கத்துக்கு முன்னாடி லார்போர்ட்னு பேரு இருந்துச்சு, ஆனா காத்துலயும் அலைச் சத்தத்துலயும் கத்தும்போது ரெண்டும் ஒண்ணு போலவே காதுல விழுந்துச்சு, அதனால பிரிட்டிஷ் கடற்படை 1844-ல இனிமே போர்ட்னு மட்டும்தான் சொல்லணும்னு உத்தரவே போட்டுடுச்சு. வெளிய போர்ட் பக்கம் சிவப்பு விளக்கு, ஸ்டார்போர்ட் பக்கம் பச்சை. லைஃப் போட்டுக்கு நம்பர் போடும்போது ஒத்தைப்படை ஸ்டார்போர்ட், ரெட்டைப்படை போர்ட், கன்டெய்னர் கப்பல்ல பெட்டிகளோட ரோ நம்பரும் நடுவுலேருந்து அதே கணக்குதான், ஆக ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டா மத்தது தானா வந்துடும்.

இடது, வலதுங்கற வார்த்தையை கப்பல்ல ஏறுற பாலமான கேங்வேலயே விட்டுட்டு ஏறுங்கன்னு நான் சொல்றதுக்கு காரணம் இருக்கு. நான் கடலுக்கு வந்த புதுசுல ஒரு நாள் அலீவேல ஃபயர் லைன் பைப் ஜாயின்ட் விட்டுப்போயி தண்ணி பீச்சியடிச்சுது, நான் போனை எடுத்து, கப்பலை ஓட்டுற இடமான பிரிட்ஜுக்கு "மெயின் டெக்ல இடது பக்கம் பைப் உடைஞ்சிடுச்சு"ன்னு சொன்னேன். நான் அப்ப ஆஃப்ட் பாத்து நின்னுக்கிட்டிருந்தேன், என்னோட இடதுங்கறது கப்பலோட ஸ்டார்போர்ட். வந்தவங்க ரெண்டு பேரும் இடதுன்னா போர்ட்தானேன்னு அந்தப் பக்க அலீவேக்கு ஓடிட்டாங்க, அங்க ஒண்ணும் இல்லைன்னு திரும்பி சுத்திட்டு வர்றதுக்குள்ள தண்ணி கதவோட அடித் தடுப்பைத் தாண்டி ஒருத்தர் கேபினுக்குள்ள போயிடுச்சு. தண்ணியா இருந்ததால துணி நனைஞ்சதோட போச்சு, அதே இடத்துல தீயா இருந்திருந்தா அந்த நேரம் ரொம்ப பெருசு.

தரை, சுவர், கதவு

கால் வைக்கிறது டெக். தலைக்கு மேல இருக்கறது டெக்ஹெட், சில நாட்டுக்காரங்க ஓவர்ஹெட்னு சொல்லுவாங்க. சுவர் மாதிரி நிக்கறது எல்லாம் பல்க்ஹெட், ஆனா கடல் பக்கம் இருக்குற கப்பலோட வெளித்தோலை பல்க்ஹெட்னு சொல்லக்கூடாது, அது ஷெல் பிளேட்டிங், பேச்சுல ஷிப்ஸ் சைடு. நடைபாதைதான் அலீவே. படிக்கட்டு எவ்வளவு அகலமா, பாலிஷ் போட்ட கைப்பிடியோட இருந்தாலும் கப்பல்காரன் வாயில அது லேடர்தான். ஜன்னல் வட்டமா இருந்தா போர்ட்ஹோல், அதுக்கு உள்பக்கம் கீல் வச்சு தொங்குற இரும்பு மூடிக்கு டெட்லைட்னு பேரு, கடல் ரொம்ப கொந்தளிப்பா இருந்தா அதை இறக்கி இறுக்கிடணும். படுக்கை பங்க்.

கதவுல கொஞ்சம் நின்னு பாருங்க, ஏன்னா புதுசா வர்றவங்க அடிபடுறது பெரும்பாலும் அங்கதான். வெளி டெக்குக்குப் போற இரும்புக் கதவுல கீழ உயரமா ஒரு தடுப்பு இருக்கும், அதுதான் சில், லோட் லைன் விதிப்படி குறைஞ்சது 380 மில்லிமீட்டர் இருக்கணும், அதாவது முழங்காலுக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும். டெக்ல தண்ணி ஏறினா உள்ள வரக்கூடாதுன்னு வச்சது அது, அதுமேல மிதிக்காம தாண்டிப் போங்க, மிதிச்சா ஈரத்துல வழுக்கும். கதவைச் சுத்தி இருக்குற பிடிகளுக்கு டாக்ஸ்னு பேரு. திறக்கும்போது கீல் பக்கம் இருக்குற டாக்கை முதல்ல தளர்த்துங்க, கைப்பக்கம், அதாவது கீலுக்கு எதிர்ப்பக்கம், இருக்கறதை கடைசியா எடுங்க, அப்பதான் அந்தப்பக்கம் அழுத்தமோ தண்ணியோ இருந்தா கதவு பட்டுனு உங்க மூஞ்சியில திறக்காது. மூடும்போது இதுக்கு நேரெதிர், கைப்பக்கம் முதல்ல. கப்பல் ஆடும்போது விரலை கதவுக்கும் ஃபிரேமுக்கும் நடுவுல வைக்கவே வைக்காதீங்க, கனமான கதவு, கப்பல் ஒரு தடவை சாய்ஞ்சா போதும்.

கதவுலயும் மூணு ஜாதி உண்டு. வெதர்டைட்னா வெளிய எந்த வானிலையா இருந்தாலும் தண்ணி உள்ள வராது. வாட்டர்டைட்னா அதைவிட பலம், ஒரு பக்கம் முழுக்க தண்ணி நிரம்பி அழுத்தினாலும் தாங்கணும், அது பெரும்பாலும் கீழ் பகுதியில இருக்கும். மூணாவது ஃபயர் டோர், விட்டா தானா மூடிக்கும், அதை கயிறு போட்டுக் கட்டி திறந்து வைக்கிற பழக்கம் எங்க பாத்தாலும் அவுத்து விடுங்க. ஏ-60 பல்க்ஹெட்டுன்னா 60 நிமிஷம் தீயைத் தடுத்து நிறுத்தி அந்தப்பக்கம் சூடு அளவுக்கு மேல ஏறாம பாத்துக்கும்னு அர்த்தம், நடுவுல கதவு திறந்து கிடந்தா அந்த 60 நிமிஷம் எங்க இருந்து வரும்?

பல்க்ஹெட் வெறும் சுவர்னு நினைச்சுடாதீங்க. டைட்டானிக்கை 15 வாட்டர்டைட் பல்க்ஹெட் வச்சு 16 அறையா பிரிச்சிருந்தாங்க, ஆனா அந்த பல்க்ஹெட்டெல்லாம் போதுமான உயரத்துக்குப் போகல. 1912-ல ஐஸ் பாறை மோதி முன்பக்க அறைகள் நிறைஞ்சதும் மூக்கு தாழ்ந்து தண்ணி பல்க்ஹெட் தலைக்கு மேல வழிஞ்சு அடுத்த அடுத்த அறைக்குப் போயிடுச்சு. அந்த விபத்துக்கு அப்புறம் 1914-ல உருவானதுதான் கடல்ல உயிர்ப் பாதுகாப்புக்கான முதல் சோலாஸ் ஒப்பந்தம், இன்னைக்கு கப்பல்ல நீங்க பாக்குற பாதி விதி அந்த வழியில வந்தது.

மாடி மாடியா ஏறுங்க

இப்ப ஆட்கள் தங்குற கட்டடத்துக்குள்ள வாங்க, அதுக்கு அக்காமடேஷன்னு பேரு. சரக்குக் கப்பல்ல கீழ அப்பர் டெக் அல்லது மெயின் டெக், அதுக்கு மேல ஏ டெக், பி டெக், சி டெக்னு எழுத்து மேல ஏறிக்கிட்டே போகும், உச்சியில நேவிகேஷன் பிரிட்ஜ் டெக், அதுக்கும் மேல கூரைதான் மங்கி ஐலண்ட், மேக்னெடிக் காம்பஸும் ஆன்டெனாவும் அங்க இருக்கும். பயணிகள் கப்பல்ல ஏறுனீங்கன்னா ஜாக்கிரதை, பழைய பெரிய கப்பல்கள்ல ஏ டெக் மேல இருந்து எழுத்து கீழ இறங்கும். அதனால ஏறுன உடனே லேடர் பக்கத்துல பல்க்ஹெட்ல எழுதியிருக்கிற டெக் பேரை ஒரு தடவை வாய்விட்டுப் படிங்க.

சமையல் நடக்குற இடம் கேல்லி, சாப்பிடுற இடம் மெஸ் ரூம், ஓய்வா உக்கார்ற இடத்துக்கு இன்னும் பல கப்பல்ல ஸ்மோக் ரூம்னுதான் பேரு இருக்கு. கேல்லி பக்கத்துலயோ கீழயோ புரவிஷன் ஸ்டோர் இருக்கும், அதுல மீட் ரூம், ஃபிஷ் ரூம், வெஜ் ரூம்னு குளிர் அறைகள். அதுக்குள்ள போறதுக்கு முன்னாடி உள்பக்கம் ரெண்டு விஷயத்தை கண்ணால பாத்துக்கோங்க, ஒண்ணு உள்ள இருந்தே கதவைத் திறக்குற பிடி, இன்னொண்ணு ஆள் மாட்டிக்கிட்டா அடிக்கிற அலாரம் பட்டன். டாய்லெட்டுக்கு ஹெட்னு சொல்றதைக் கேப்பீங்க. பாய்மரக் கப்பல்ல காத்து பொதுவா பின்னாடி இருந்து வரும், அதனால அதுக்கான இடத்தை கப்பலோட தலைப்பக்கம், பௌ ஓரமா வச்சாங்க, அப்படி வந்த பேரு.

பிரிட்ஜுங்கற பேரும் அப்படித்தான், பக்கவாட்டுல ரெண்டு பெரிய துடுப்புச் சக்கரம் வச்ச நீராவிக் கப்பல்ல அந்த ரெண்டு சக்கர மூடிக்கும் நடுவுல ஒரு பாலம் போட்டு அதுமேல நின்னுதான் கேப்டன் உத்தரவு குடுத்தாரு, பாலம் போயிடுச்சு, பேரு நின்னுடுச்சு. உள்ள கண்ணாடி போட்ட அறை வீல்ஹவுஸ், ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு இருக்கறது பிரிட்ஜ் விங். ராத்திரி அங்க போனா விளக்கைப் போடாதீங்க, இருட்டுக்குப் பழகின கண்ணு திரும்பப் பழக ரொம்ப நேரம் எடுக்கும்.

இன்னும் ரெண்டு அறை. ஃபயர் கன்ட்ரோல் ஸ்டேஷன், தீ பிடிச்சா அதிகாரிங்க நின்னு எல்லாத்தையும் நடத்துற இடம். அடுத்தது தீயணைக்க வச்சிருக்குற கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வரிசையா நிக்குற சிஓடூ ரூம், அதை எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்கோங்க, சும்மா உள்ள போகாதீங்க.

மூக்குப் பக்கம்

டெக்ல ஃபார்வர்ட் நடந்து கடைசியில மேல ஏறுனா ஃபோக்சல். பிளான்ல, அதாவது கப்பலோட வரைபடத்துல, இதோட ஸ்பெல்லிங்கைப் பாத்தா ஃபோர்கேசில்னு படிக்கத் தோணும், யாரும் அப்படி சொல்ல மாட்டாங்க, அதே மாதிரிதான் டெக் ஆட்களோட தலைவரான போசனும், எழுத்துல போட்ஸ்வெய்ன்னு நீளமா இருக்கும். ஃபோக்சலுக்குக் கீழ போசன் ஸ்டோர், பக்கத்துல பெயின்ட் லாக்கர். நங்கூரச் சங்கிலி அதை இழுக்குற மெஷினான விண்ட்லாஸ்லேருந்து ஒரு குழாய் வழியா கீழ இறங்குதுல்ல, அது ஸ்பர்லிங் பைப், அது போய் சேர்ற இருட்டு அறைதான் செயின் லாக்கர். சங்கிலியோட கடைசி முனையை அந்த அறையிலதான் பிடிச்சு வச்சிருப்பாங்க, அந்த முனைக்கு பிட்டர் எண்ட்னு பேரு. இதுக்கெல்லாம் பின்னாடி குறுக்கால ஒரு பலமான பல்க்ஹெட் போகும், அதுதான் கொலிஷன் பல்க்ஹெட், எதுலயாவது போய் முட்டி மூக்கு கிழிஞ்சாலும் தண்ணி அதோட நிக்கணும். அதுக்கு முன்னாடி கீழ இருக்குற டேங்க் ஃபோர்பீக், கப்பலோட வால்ல இருக்கறது ஆஃப்ட்பீக்.

நம்ம தமிழ்லயும் மூக்குக்கு அணியம், பின்னாடி திருப்புறதுக்கு சுக்கான், அடி மரத்துக்கு ஏரான்னு நல்ல சொல்லெல்லாம் இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிக்கும், தெரிஞ்சு வச்சுக்கோங்க. ஆனா கப்பல்ல நாலஞ்சு நாட்டு ஆளுங்க ஒண்ணா இருப்பாங்க, எல்லார் காதுலயும் ஒரே அர்த்தம் விழணும், அதுக்காகத்தான் சர்வதேச கடல்சார் அமைப்பு 2001-ல ஒரே மாதிரி பேசுறதுக்கான வாக்கியத் தொகுப்பே கொண்டுவந்துச்சு. வேலை நேரத்துல அந்த இங்கிலீஷ் சொல்லையே பேசுங்க.

சரக்கு அடைக்கிற இடம்

ஹோல்டுங்கறது சரக்கு போடுற பெரிய குழி, நம்பர் முன்னாடி இருந்து ஆரம்பிக்கும், பௌ பக்கம் இருக்கறது நம்பர் ஒன். வாயைச் சுத்தி எழும்பி நிக்குற இரும்பு வரப்பு ஹேட்ச் கோமிங், மேல மூடுறது ஹேட்ச் கவர். ஹோல்டோட தரைக்கு டேங்க் டாப்னு பேரு, ஏன் தெரியுமா, அதுக்குக் கீழ டபுள் பாட்டம் டேங்க் இருக்கு, அந்த டேங்கோட கூரைமேலதான் நீங்க நிக்கிறீங்க. மூலையில சின்னதா ஒரு பள்ளம், தண்ணி வடிஞ்சு சேர்ற இடம், அது பில்ஜ் வெல். பல்க் கேரியர்ல ஓரத்துல கீழ சாய்வா இருக்கறது ஹாப்பர் டேங்க், மேல சாய்வா இருக்கறது டாப்சைடு டேங்க், ரெண்டுலயும் கப்பல் நிலையா நிக்கறதுக்கான பேலஸ்ட் தண்ணி நிரப்புவாங்க. டேங்கர்ல ஹோல்டுக்கு பதிலா கார்கோ டேங்க், கூடவே பம்ப் ரூம். ரெண்டு டேங்குக்கு நடுவுல வேணும்னே காலியா விட்ட இடுக்கு காஃபர்டேம், ஒரு டேங்க் ஒழுகினாலும் எண்ணெய் அடுத்ததுல கலக்காம இருக்கறதுக்கு.

என்ஜின் ரூம்

உள்ள போனதும் காதுக்கு மஃப் மாட்டிக்கோங்க, அப்புறம் யாரும் பேர் சொல்லிக் குடுக்க முடியாது, அதனால முதல்ல ஈசிஆர்னு சொல்ற கன்ட்ரோல் ரூம்ல நின்னு பிளானைப் பாருங்க. அடியில இருக்கறது பாட்டம் பிளேட், மேல ஏற ஏற பிளாட்ஃபார்ம், உச்சியில சிலிண்டர் ஹெட் பிளாட்ஃபார்ம். எரிபொருளைச் சுத்தம் பண்ற ப்யூரிஃபையர் ரூம் சூடான எண்ணெய் இருக்குற இடம், அங்க எங்கயாவது ஈரமா பளபளன்னு தெரிஞ்சா உடனே சொல்லுங்க. பாட்டம் பிளேட்ல இருந்து நேரா மேல டெக்குக்குப் போற மூடின லேடர் கிணறு ஒண்ணு இருக்கும், எமர்ஜென்சி எஸ்கேப் டிரங்க், அதோட கீழ் கதவையும் மேல் கதவையும் முதல் நாளே கையால தொட்டுப் பாத்துடுங்க.

ஆஃப்ட்ல கடைசியா ஸ்டீயரிங் ஃப்ளாட், சுக்கானைத் திருப்புற ஹைட்ராலிக் மெஷின் இருக்குற அறை. பிரிட்ஜ்லேருந்து ஸ்டீயரிங் வேலை செய்யலைன்னா இங்க நின்னு போன்ல ஆர்டர் கேட்டு கையால திருப்புவாங்க, மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது இந்தப் பயிற்சி நடக்கணும். எமர்ஜென்சி ஜெனரேட்டர் மட்டும் என்ஜின் ரூமுக்குள்ள இருக்காது, மேல தனி அறையில இருக்கும், கீழ தீயோ தண்ணியோ வந்தா இது தப்பிக்கணும்ல. கரண்ட் போனா 45 செகண்டுக்குள்ள அது லோடு எடுக்கணும், அதுவரைக்கும் நீங்க நின்ன இடத்துலயே கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க.

பேரு தெரிஞ்சும் நுழையக்கூடாத இடங்கள்

செயின் லாக்கர், பேலஸ்ட் டேங்க், காஃபர்டேம், வாய்ட் ஸ்பேஸ், டபுள் பாட்டம், மூடிக்கிடந்த ஹோல்டு, பம்ப் ரூம். இதுக்கெல்லாம் பொதுப்பேரு என்க்ளோஸ்டு ஸ்பேஸ். இரும்பு துருப்பிடிக்கும்போது காத்துல இருக்குற ஆக்சிஜனை எடுத்துக்கும், மாசக்கணக்கா மூடின செயின் லாக்கர்ல ஈரச் சங்கிலி அப்படியே கிடந்து துரு ஏறும், திறந்து பாத்தா சாதாரணமா, ஒரு வாசனையும் இல்லாம இருக்கும், உள்ள மூச்சு விட காத்து இருக்காது. வெளிய 21 சதவீதம் இருக்க வேண்டிய ஆக்சிஜன் அங்க எவ்வளவுன்னு மூக்கு சொல்லாது, மீட்டர் மட்டும்தான் சொல்லும். நிலக்கரி, மரம் மாதிரி சரக்கும் ஆக்சிஜனைத் தின்னும். ஒருத்தர் உள்ள விழுவாரு, பாத்தவரு பாசத்துல பின்னாடியே இறங்குவாரு, அவரும் விழுவாரு, கடல்ல திரும்பத் திரும்ப நடக்குறது இதுதான். பெர்மிட் எழுதணும், உள்ள நல்ல காத்து ஓட விடணும், மீட்டர் வச்சுப் பாக்கணும், வாசல்ல ஒருத்தர் நிக்கணும், இதுல ஒண்ணு குறைஞ்சாலும் யாரு சொன்னாலும் இறங்காதீங்க, முடியாதுன்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. விழுந்தவரைப் பாத்தா முதல் வேலை அலாரம் அடிக்கிறது. 2015-லேருந்து ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை இதுக்கான டிரில் கட்டாயம், அதுல முன்வரிசையில நின்னு பாருங்க.

எப்படி மனசுல நிறுத்துறது

முதல் வாரத்துல தினமும் டியூட்டி முடிஞ்சதும் கால் மணி நேரம் ஃபயர் கன்ட்ரோல் பிளான் முன்னாடி நில்லுங்க. அலீவே பல்க்ஹெட்ல மாட்டியிருப்பாங்க, வெளியவும் சிவப்பு டப்பாவுல ஒரு காப்பி இருக்கும், கரையில இருந்து தீயணைப்புக்காரங்க வந்தா எடுத்துப் பாக்க. பிளான்ல ஒரு அறையைத் தேர்ந்தெடுத்து வழியை வாயால சொல்லிட்டு நடந்து போய் சரியான்னு பாருங்க. தினம் நாலு இடம் போதும். பிளான்ல அடியில வரிசையா எண் இருக்கும், அது ஃபிரேம் நம்பர், கப்பலோட விலா எலும்பு மாதிரி, சரக்குக் கப்பல்ல பொதுவா பின்னாடி இருந்து எண்ணிக்கிட்டு வரும். நீளமான டபுள் பாட்டத்துல ஓட்டை எங்கன்னு சொல்ல அதைவிட துல்லியமான விலாசம் கிடையாது.

அப்புறம் உங்க கேபின்லேருந்து, ஆபத்துல எல்லாரும் வந்து கூடுற மஸ்டர் ஸ்டேஷன் வரைக்கும் கண்ணை மூடிக்கிட்டு போய்ப் பாருங்க, கூட ஒருத்தரை வச்சுக்கிட்டு. கைப்பிடியை விடாம, புறங்கையை பல்க்ஹெட்ல உரசிக்கிட்டு, எத்தனை கதவு, எத்தனை லேடர், ஒவ்வொரு லேடருக்கும் எத்தனை படின்னு எண்ணுங்க. என்னோட கடைசிக் கப்பல்ல கேபின் கதவுலேருந்து நாலு கதவு, இடையில ஒரு ஃபயர் டோர், மூணு லேடர், அப்புறம் காலை உயர்த்தி தாண்ட வேண்டிய ஒரு சில், இப்பக்கூட தூக்கத்துல கேட்டா சொல்லுவேன்.

போன்ல தகவல் சொல்றதையும் பழகிக்கோங்க. என்ன நடந்துச்சு, எந்த டெக், எந்தப் பக்கம், ஃபார்வர்டா ஆஃப்டா, எதுக்குப் பக்கத்துல, கடைசியா உங்க பேரு. "தீ, பி டெக், ஸ்டார்போர்ட் அலீவே, ஆஃப்ட் பக்கம், லாண்டரிக்குள்ள, நான் கேடட் பேசுறேன்." அவ்வளவுதான், பத்து செகண்ட் கூட ஆகாது. இன்னைக்கு ராத்திரி படுக்கும் முன்னாடி, நீங்க படுத்திருக்குற பங்க் எந்த டெக்ல, எந்தப் பக்கத்துல, உங்க தலை ஃபார்வர்ட்ல இருக்கா ஆஃப்ட்ல இருக்கான்னு ஒரு தடவை இதே மாதிரி சொல்லிப் பாருங்க.